மூணாம் நம்பர் பட்டன்

அந்த லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராதுங்க. விடுங்க, கைதான் வலிக்கும். முதுகைச் சித்தெ முன்னாடி எடுங்க. ஆங், அப்படித்தான். இப்ப இழுங்க. சாயுதுங்களா? ஒண்ணுமில்லைங்க, உள்ள கேபிள் தொங்கிப் போச்சு. நம்ம பாரத்தை எடுத்துட்டு இழுத்தாத்தான் கொக்கி விடும். கண்டக்டர்கிட்டக் கேட்டிருந்தா சீட்டு ரிப்பேருன்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. கேக்கற விதமாக் கேட்டா எல்லாச் சீட்டும் சொல்லும்.

எனக்கு இதுதானுங்க தொழிலு. நாச்சிமுத்துன்னு பேரு, திருச்செங்கோடு. சங்ககிரி ரோட்டுல இருபத்தாறு வருசமா வண்டி வயரிங் கடை வெச்சிருக்கேன். வெச்சிருந்தேன். இப்பக் கோயமுத்தூர்ல ஒருத்தரு ஷெட்டுக்கு வேலைக்குப் போறேன். அம்பத்தி மூணு வயசுல டூல்ஸ் பையைத் தூக்கிட்டு அடுத்தவன் ஷெட்டுக்குப் போறேனுங்க. நீங்க எங்க எறங்கறீங்க? லட்சுமி நகரா? அங்கிருந்து பவானிக்கா? ஓ. பவானியா. சரி சரி. நல்ல ஊருதானுங்க. எனக்குத்தான் அந்தப் பேரைக் கேட்டாலே ஆகறதில்ல.

ஏன் என்னன்னு நீங்க கேக்கல. நானே சொல்றேன். யாருகிட்டயாவது சொல்லோணுமில்லீங்களா? வீட்ல பேச்சுவார்த்தை இல்ல. ஊருக்குள்ள எல்லாருக்கும் அவங்கவங்க கதை ஒண்ணு இருக்குது, என் கதையை எவனும் கேக்கறதில்ல.

எல்லாம் ஒரு சீட்டாலதானுங்க. இந்த மாதிரி சீட்டு இல்ல, காரு சீட்டு. இப்ப வர்ற பெரிய காருல டிரைவர் சீட்டுக்கு லீவரே கெடையாது. அடியில மோட்டாரு வெச்சிருப்பான். ஒண்ணு முன்ன பின்ன தள்ளும், ஒண்ணு ஒசத்தும், ஒண்ணு முதுகைச் சாய்க்கும். அதுபோகக் கதவுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு மூணு பட்டன். நமக்குத் தோதா ஒருக்கா உக்காந்து ஒண்ணாம் நம்பர்ல பதிஞ்சுட்டாப் போதும். அப்புறம் வேற யாரு மாத்தி வெச்சாலும், அந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சா சீட்டு நம்ம அளவுக்கே வந்து நிக்கும். அமுக்கிப் பிடிச்சே இருக்கோணும், அதைக் கவனிச்சுக்கங்க. பாதியில கையை எடுத்தா பாதியிலயே நின்னுக்கும். அது முக்கியம், பின்னாடி சொல்றேன்.

எங்கூர்ல பொங்கியண்ணன்னு ஒருத்தரு. போர் போடற ரிக் வண்டி மட்டும் பதினாலு ஓடுது. ஆந்திரா, சத்தீஸ்கர்னு மாசத்துல பத்து நாளு வெளியூர்லதான் இருப்பாரு. ரயில்ல போவாரு, கார் வீட்ல நிக்கும். ஆளு ஆறடிக்கு மேல. கூட்டத்துல நின்னா தலை தனியாத் தெரியும். அவரு ரிக்குக்கெல்லாம் நாந்தான் வயரிங். ஊர்ல ரிக் வெச்சிருக்கறவங்க பாதிப் பேரு அவரு கை காட்டுன எடத்துக்குத்தான் வண்டியைக் கொண்டு போவாங்க. அப்படி ஒரு வாக்கு.

அவரு ஒரு வெள்ளைக் காரு வாங்குனாரு. நம்ம ஊருக்கே புதுசு. வாங்கி ஒரு வருசத்துல சீட்டுல ஒரு கோளாறு. ஊருக்குப் போய்ட்டு வந்து கதவைத் தொறந்து உக்காந்தாருன்னா முட்டி ஸ்டியரிங்குல இடிக்குது. ஒரு நாளைக்கு நாலு வெரக்கடை முன்னாடி நிக்குது, ஒரு நாளைக்கு ஒரு சாண் முன்னாடி நிக்குது. ஒண்ணாம் நம்பரை அமுக்குனா சரியாப் போய் நின்னுக்குது. ஆனா நிறுத்தி வெச்ச வண்டியில சீட்டு எப்படித் தானா நகரும்? கம்பெனி சர்வீஸ்ல மூணு தடவை விட்டாரு. கம்ப்யூட்டரைச் சொருகிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ரிக்குக்காரப் பசங்க "அண்ணன் காருல பேய் உக்காந்திருக்குது"ன்னு டீக்கடையில சிரிச்சிட்டிருந்தாங்க.

மாசி மாசம் கோளாறு முத்திப் போச்சு. இந்தத் தடவை ஒண்ணாம் நம்பரை அமுக்குனாலும் சீட்டு முழுசாப் பின்னாடி போகல. நாலு வெரக்கடை மிச்சம் இருக்கறப்பவே டொக்குன்னு நின்னுக்குது. முட்டியை மடக்கிட்டே என் கடைக்கு ஓட்டிட்டு வந்துட்டாரு. வாசல்ல எறங்கி, டிங்கர் சம்பத், ரிக் டிரைவருங்க, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரு அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு: "நாச்சி, கம்பெனிக்காரனுக மூணு தடவை கையை விரிச்சுட்டானுக. நீ கண்டுபிடிச்சிட்டா நீதான்டா ஆளு."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. இருபத்தாறு வருசம் லாரிக்கு ஹெட்லைட் கட்டிட்டிருந்தவன். கம்ப்யூட்டர் வண்டின்னா நமக்கெல்லாம் எங்க தெரியப் போகுதுன்னு பேசுன ஊருங்க அது. கடனோ உடனோ, நானும் ஒரு ஸ்கேனர் வாங்கி வெச்சிருந்தேன். அதை எவனும் மதிக்கல. அன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு வேலை வந்துச்சு.

முதல்ல நான் என்ன கேட்டேன்னா, "அண்ணா, இது எப்ப எப்ப வருது?"ன்னேன். யோசிச்சுப் பாத்துட்டு, "ஊருக்குப் போய்ட்டு வந்தா வருதுடா"ன்னாரு. "நீங்க ஊர்ல இருக்கறப்ப?"ன்னேன். "அப்ப வர்றதில்ல"ன்னாரு. பாத்தீங்களா? கம்பெனிக்காரனுக மூணு தடவை வண்டியைப் பாத்தானுக, ஒருத்தனும் இந்தக் கேள்வியைக் கேக்கல. கோளாறு எப்ப வருதுன்னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. ஆளில்லாதப்ப மட்டும் வர்ற கோளாறு வயர்ல இருக்குமா, சொல்லுங்க? எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. அவருகிட்டச் சொல்லல. ஆதாரமில்லாம வாயைத் தொறக்கறவன் நான் இல்ல.

வண்டியை விட்டுட்டுப் போய்ட்டாரு. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க, நான் மட்டும் ஷெட்டுல இருக்கேன். ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. எறங்குனது பொங்கியண்ணன் சம்சாரம் வசந்தாமணி அக்கா. அந்தம்மா எங்க கடைப்பக்கம் வந்ததே கெடையாது. குள்ளமான உருவம், அவரு பக்கத்துல நின்னா நெஞ்சுக்குக் கீழதான் வரும். குடையை மடக்கிட்டு நேரா காருகிட்டப் போய், கதவைத் தொறந்து, குனிஞ்சு சீட்டுக்கு அடியில கையை விடறாங்க.

"அக்கா, கையை எடுங்க! மோட்டாரு இருக்குது, வெரலு நசுங்கிரும்"னேன்.

எடுத்துட்டாங்க. வெரலெல்லாம் கிரீஸு. அதைச் சேலையில தொடைச்சிட்டு, "தம்பி, மோட்டாரு தேஞ்சு போச்சுன்னு சொல்லிப் புதுசு மாட்டிருங்களேன். அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு"ன்னாங்க.

எனக்கு சுருக்குனு ஆயிருச்சுங்க. நல்ல மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டறவன்னு நெனைச்சுட்டாங்களா என்னை? "அக்கா, நான் அந்த மாதிரி வேலை பாக்கறவன் இல்லீங்க. கோளாறு என்னவோ அதைத்தான் சொல்லுவேன்"னேன். குடையை விரிச்சுட்டுப் போய்ட்டாங்க. அவ்வளவுதான் நடந்துது.

அன்னைக்குச் சாயந்தரமே சீட்டைக் கழட்டுனேன். அதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. பேட்டரி வயரைக் கழட்டிட்டுப் பத்து நிமிசம் சும்மா நிக்கோணும், அவசரப்பட்டா ஏர்பேக் மூஞ்சியில வெடிக்கும். நாலு போல்ட்டு. சாக்கெட்டைப் பிடுங்கிட்டு சீட்டை மல்லாத்திப் போட்டேன். தண்டவாளம் மாதிரி ரெண்டு கம்பி இருக்கும், அதுலதான் சீட்டு ஓடும். இடது பக்கக் கம்பியில, பின்கோடியில, என்னமோ கருப்பா சிக்கியிருந்துச்சு. நோண்டி எடுத்தேன்.

வசம்பு வளையலுங்க. கைக்கொழந்தைக்குப் போடுவாங்கல்ல, வசம்பைத் துண்டு துண்டா நறுக்கி, கருப்பு மணியோட கயித்துல கோத்து. கண்ணு படாம இருக்கறதுக்கு. பாதி நசுங்கிப் போய், மணி ரெண்டு பல்லுச் சக்கரத்துக்குள்ள ஏறியிருந்துச்சு. அதுல முட்டித்தான் சீட்டு நின்னிருக்குது. கையில வெச்சு மோந்து பாத்தேன். வசம்பு வாசனை அப்படியே இருந்துச்சு.

பொங்கியண்ணன் வீட்ல கைக்கொழந்தை ஏதுங்க? ஒரே பொண்ணு பிருந்தா. அது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேற ஆளுங்க பையனைக் கட்டிக்கிட்டுப் பவானிக்குப் போயிருச்சு. ஆமாங்க, உங்க பவானிதான். இவரு சொந்தபந்தத்தைக் கூட்டி வெச்சுத் தலை முழுகிட்டாரு. அந்தப் பேரை வீட்ல சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. கொழந்தை பொறந்திருக்குதுன்னு ஊர்ல அரசல் புரசலாத் தெரியும்.

சரி, அது அவங்க குடும்பச் சமாச்சாரம், நமக்கு எதுக்கு? நான் என் வேலையைப் பாத்தேன். கம்பியைத் தொடைச்சு, கிரீஸ் போட்டு, சீட்டை மாட்டி, ஸ்கேனரைச் சொருகுனேன். மூணு பட்டன்லயும் என்ன அளவு பதிஞ்சிருக்குதுன்னு காட்டும். ஒண்ணாம் நம்பரு பொங்கியண்ணன், கடைசி வரைக்கும் பின்னாடி. ரெண்டாம் நம்பரும் அவருதான், தூரம் போறப்பச் சாஞ்சு உக்கார. மூணாம் நம்பர்ல ஒண்ணும் இருக்கக்கூடாது. இருந்துச்சு.

அடுத்த நாள் காலையில அவரு வந்தாரு. பின்னாடியே பத்துப் பேரு. பேய் பிடிச்ச சீட்டைப் பாக்கோணுமில்ல? நான் டக்குனு சொல்லல. கதவைத் தொறந்து வெச்சுட்டு, எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, மூணாம் நம்பரை அமுக்கிப் பிடிச்சேன்.

சீட்டு முன்னாடி நகந்துச்சு. நகந்துட்டே வந்து ஸ்டியரிங்கை ஒட்டி நின்னுச்சு. அப்புறம் மேல ஒசந்துச்சு, கடைசி வரைக்கும். முதுகு நட்டுக்கா நிமுந்துச்சு. யாரோ ஏறி உக்காந்து, எட்டாத ரோட்டை எட்டி எட்டிப் பாக்கற மாதிரியே இருந்துச்சுங்க. ஆளைக் காணோம், ஆளு உக்காந்திருக்கறது மட்டும் தெரியுது.

"பேய் குள்ளப் பேயா இருக்குதுடா"ன்னு சம்பத் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

"அண்ணா, வண்டியில கோளாறு இல்ல"ன்னேன். "நீங்க ஊர்ல இல்லாதப்ப வேற ஒரு ஆளு இதை ஓட்டுது. நாலே முக்காலடி இருக்கும். ஓட்டிப் பழகி ரொம்ப நாளாகல, பழகுனவங்க இவ்வளவு ஒட்டி உக்கார மாட்டாங்க. ஓட்டி முடிச்சுட்டு ஒண்ணாம் நம்பரை அமுக்கி உங்க அளவுக்கே வெச்சுட்டுத்தான் எறங்குது. ஆனா பயத்துல பாதியிலயே கையை எடுத்துருது. அதான் ஒரு நாளைக்கு நாலு வெரக்கடை, ஒரு நாளைக்கு ஒரு சாண். இந்தத் தடவை பின்னாடி போகாம நின்னதுக்குக் காரணம் இது"ன்னு சொல்லி வளையலை எடுத்துக் காட்டுனேன்.

என்ன ஒரு கண்டுபிடிப்புங்க அது! ஒரு சீட்டைப் பாத்து ஆளோட ஒசரம், பழக்கம், பயம் வரைக்கும் சொல்லியிருக்கேன். கம்பெனிக்காரன் சொல்லுவானா? ஒருத்தனாவது கையைத் தட்டியிருக்கோணும். ஒருத்தரும் சிரிக்கக்கூட இல்ல. சம்பத் மெல்ல அவன் கடைக்கு நகந்துட்டான். பொங்கியண்ணன் வளையலை வாங்கிப் பாத்தாரு. அதைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, "மூணாம் நம்பரை அழிச்சிரு"ன்னாரு. அவ்வளவுதான் பேசுனாரு.

அழிச்சேன். ஒண்ணாம் நம்பரை அமுக்குனேன். சீட்டு பின்னாடி போய், மயிரிழை பிசகாம அவரு அளவுக்கு நின்னுச்சு. அவ்வளவு சுத்தமான வேலைங்க.

மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்குப் போனா, எனக்கு முன்னாடியே சேதி போயிருக்குது. என் வீட்டுக்காரி ருக்குமணி தையல் மிசின் முன்னாடி உக்காந்திருக்கா, மிசின் ஓடல. வசந்தாமணி அக்காவுக்கு இவதான் ஜாக்கெட் தைக்கறா. எல்லாமே இவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க! அந்தம்மா கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஈரோட்டுல லேடீஸ் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனது, லைசென்ஸ் எடுத்தது, பஸ்ஸுல போனா ஊர்க்காரங்க கண்ணுல படும்னு விடியறதுக்கு முன்னாடியே காரை எடுத்துட்டுத் தனியாப் பவானிக்குப் போய்ப் பேத்தியைப் பாத்துட்டு அவரு வர்றதுக்குள்ள வந்து நிறுத்துனது, எல்லாம். அம்பத்தஞ்சு வயசுல ஒரு பொம்பளை ஸ்டியரிங் பிடிச்சிருக்குதுங்க, பேத்தியைப் பாக்கறதுக்கு.

"இதெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"ன்னேன்.

"உங்ககிட்டச் சொன்னா ஸ்கேனர் போட்டு ஊருக்கே காட்டுவீங்க"ன்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா: "ஒரு பொய் சொல்லத் தெரியலையே உங்களுக்கு. ஒரே ஒரு பொய்." அதுதான் கடைசி. இன்னைக்கு வரைக்கும் சோறு போடுவா, துணி தொவைச்சு வெப்பா, பேச மாட்டா. உண்மையைச் சொன்னதுக்குப் புருசன்கிட்டப் பேசாம இருக்கற பொண்டாட்டியை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

எங்களுக்கு ஒரு பொண்ணுங்க, நாமக்கல்ல நர்சிங் படிக்குது. வாரா வாரம் ஞாயித்துக்கெழமை நான் போய்ப் பாத்துட்டு வருவேன். அதுக்கும் இப்பப் படிப்பு சாஸ்தியாயிருச்சு, பாவம். மாசியிலிருந்து எந்த ஞாயித்துக்கெழமை கேட்டாலும் "பரிச்சை இருக்குதுப்பா, வராதீங்க"ங்குது. நர்சிங்குக்கு இத்தனை பரிச்சை வெப்பாங்களா என்ன?

அங்க பொங்கியண்ணன் கார்ச் சாவி ரெண்டையும் அரணாக்கொடியில கோத்துக்கிட்டாரு. ரயிலுக்குப் போனாலும் சாவி இடுப்புலதான். அந்தம்மாவைத் தனியா வெளிய விடறதில்ல. வளையலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையாம். கேட்டிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பாங்க. சாப்பாட்டு மேசையில தட்டுக்குப் பக்கத்துல அதை வெச்சுட்டு எந்திரிச்சுப் போய்ட்டாராம். இதெல்லாம் ருக்குமணி போன்ல வேற யாருகிட்டயோ அழுதுட்டே சொன்னப்ப எங்காதுல விழுந்தது.

சித்திரையில ஒரு நாள் காலையில அந்தம்மா ஒரு துணிப்பையோட வீட்டை விட்டு எறங்கி, ஊரே பாக்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், ஈரோட்டு பஸ்ஸுல ஏறிட்டாங்க. ஒளிஞ்சு போகலைங்க. தெரிஞ்சவங்க "எங்கக்கா?"ன்னு கேட்டதுக்கு, "பவானிக்கு, எம்பொண்ணு வீட்டுக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் வரவே இல்ல.

அதுக்கும் நானா பொறுப்பு? அது நல்லதுதானேங்க? மறைஞ்சு மறைஞ்சு மாசத்துக்கு ஒருக்காப் பாத்த பேத்தியை இப்பத் தெனமும் பாக்கறாங்க. ஒரு வகையில நான் பண்ணுனது உபகாரம். இதை ருக்குமணிகிட்டச் சொன்னேன். கத்திரிக்கோலைக் கீழ வெச்சுட்டு உள்ள போய்ட்டா. முப்பது வருசம் இருந்த வீட்டை ஒரு துணிப்பையோட விட்டுட்டுப் போறது உபகாரமான்னு அவ முதுகே கேக்குதுங்க.

ஆவணி மாசம் பொங்கியண்ணன் வந்தாரு. தனியா. மத்தியான வெயில்ல. சேவிங் பண்ணல, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருந்தாரு. காரை நிறுத்திட்டு எறங்காம உள்ளயே உக்காந்திருந்தாரு. நான் போய்க் கதவுகிட்ட நின்னேன்.

"நாச்சி, மூணாம் நம்பரைத் திரும்ப வர வெய்டா"ன்னாரு.

"எதுக்குங்கண்ணா?"

"வர வெய்யின்னா வர வெய். எதுக்குன்னு என்ன கேள்வி?" அப்புறம் அவரே மெதுவாச் சொன்னாரு. "பவானிக்குக் காரை எடுத்துட்டுப் போறேன். சாவியைக் குடுக்கப் போறேன். உக்காந்தா அவளுக்குச் சரியா இருக்கோணும்."

நான் சொன்னேன், "அழிச்சதை வர வெக்க முடியாதுங்கண்ணா. அந்த ஆளு உக்காந்தாத்தான் பதிய முடியும்."

"உனக்குத்தான் அளவு தெரியுமேடா. அன்னைக்கு ஊருக்கு முன்னாடி அளந்து சொன்னயில்ல."

"உங்களுக்குத் தெரியாதாண்ணா?"ன்னு கேட்டேன். வேணும்னுதான் கேட்டேன்.

அவரு எறங்கி வந்தாரு. நான் சீட்டு ஓரத்துல இருக்கற பட்டனை வெச்சு சீட்டை நகத்துனேன். "இன்னும் முன்னாடி"ன்னாரு. நகத்துனேன். "இல்ல, பின்னாடி." நகத்துனேன். "ஒசத்து. போதும். இல்ல, எறக்கு." கையை நெஞ்சுக்கு நேரா வெச்சுப் பாக்கறாரு, கொஞ்சம் எறக்கிப் பாக்கறாரு. அவ இவ்வளவா, இவ்வளவா? முப்பது வருசம் கூட இருந்தவரு, அவருக்குத் தெரியல. கை அப்படியே காத்துல நின்னுச்சு. கண்ணு கலங்குச்சுங்க அந்த மனுசனுக்கு, நான் பாத்தேன். அப்புறம் என் மேல பாய்ஞ்சாரு. "வேலை தெரியாத நாயி, அழிக்க மட்டும் தெரியுது"ன்னு ரோட்டுல நின்னு கத்துனாரு. போய்ட்டாரு. அன்னையிலிருந்து ஒரு ரிக் என் கடைப்பக்கம் வரல. அவரு வண்டி மட்டுமில்ல, ஒருத்தன் வண்டியும் வரல. நாச்சிக்கு வேலை தெரியாதுன்னு அவரு வாயில வந்திருச்சில்ல? நாச்சிக்கு! அந்தக் கோளாறைக் கண்டுபிடிச்சவனுக்கு!

காரை எடுத்துட்டு அவரு பவானிக்குப் போகல. அவரு வீட்டு ஷெட்டுலதான் நிக்குது. அந்தம்மா சீட்டு சரியில்லாம எப்படிக் கொண்டு போறதுன்னு நெனைச்சாரோ, இல்ல அதையே சாக்கா வெச்சுக்கிட்டாரோ, யாருக்குத் தெரியும். போயிருக்கலாம். போயிருந்தா அந்தம்மா வந்திருக்கும்னு ருக்குமணி அவ அக்காகிட்டச் சொல்லிட்டிருந்தா.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? காவேரிப் பாலம் வந்திருச்சு, சன்னல்ல பாருங்க, தண்ணி நல்லாப் போகுது.

சரி. ஒண்ணை விட்டுட்டேன். அன்னைக்கு மத்தியானம் அந்தம்மா வந்தாங்கன்னு சொன்னேனில்ல, மோட்டாரு மாத்தச் சொன்னாங்கன்னு. அது மட்டும் சொல்லல. போறப்பத் திரும்பி வந்து, "தம்பி, எம்பேத்தி கை வளையலு ஒண்ணு உள்ள விழுந்திருச்சு. கிடைச்சா அவருக்குக் காட்டிராதீங்க. உங்களுக்கும் பொம்பளப் புள்ள இருக்குது"ன்னாங்க. கையைக் கூப்புனாங்க. கிரீஸ் கையோட. எனக்குப் புரிஞ்சுது. எல்லாமே புரிஞ்சுது. ராத்திரியெல்லாம் வளையலைக் காட்ட வேண்டாம்னுதான் நெனைச்சிட்டிருந்தேன். காலையில பத்துப் பேரு வந்து நின்னாங்க. கம்பெனிக்காரன் தோத்த எடத்துல நான் நிக்கறேன். எல்லாக் கண்ணும் என் கையைப் பாக்குது. காட்டலைன்னா எப்படிங்க நம்புவாங்க? என்னைத் தவிர யாருக்குத் தெரியும் நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னு?

அதுக்கு நான் அனுபவிச்சிட்டுத்தான் இருக்கேன். விடுங்க.

லட்சுமி நகர் வரப்போகுது, பையை எடுத்து வெச்சுக்கங்க. எறங்கறதுக்குள்ள இதையும் கேட்டுக்கங்க, இதை நான் ருக்குமணிகிட்டக்கூடச் சொல்லல. இந்தா பாருங்க, இந்த நோட்டு. எந்த வண்டியில எதை அழிச்சாலும் அதுக்கு முன்னாடி இதுல எழுதி வெச்சுட்டுத்தான் அழிப்பேன். தொழில் பழக்கம். இந்தப் பக்கம், மாசி மாசம். முன்ன பின்ன, ஒசரம், சாய்வு, மூணு நம்பரும் இருக்குதுங்களா? அதுதான் வசந்தாமணி அக்கா. அன்னைக்கு அவரு வந்து நின்னப்ப இது என் சட்டைப் பையில இருந்துச்சு. இந்த அளவுக்குச் சீட்டை நகத்திப் பதிஞ்சிருந்தா அஞ்சு நிமிச வேலை. காரை எடுத்துட்டுப் போயிருப்பாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன். ஊருக்கு முன்னாடி என்கிட்ட வந்து மூணாம் நம்பரை அழிக்கச் சொன்னவருக்கு நான் ஏன் எடுத்துக் குடுக்கோணும்னு இருந்துச்சு.

ஒரு பொய் சொல்லத் தெரியலைன்னா ருக்குமணி. சொன்னேன் பாருங்க, ஆறு மாசம் கழிச்சு. அதையும் அந்தம்மாவுக்கு எதிராத்தான் சொல்லியிருக்கேன்.

எறங்குங்க, எறங்குங்க, விசில் குடுத்துட்டாரு. நோட்டா? வேண்டாங்க, பவானியில நீங்க யாருகிட்டக் கொண்டு போய்க் குடுப்பீங்க? குடுங்க இங்க. அந்தச் சீட்டை மட்டும் நிமுத்தி வெச்சுட்டுப் போங்க. பின்னாடி வந்து உக்கார்றவங்களுக்கு முட்டி இடிக்கும்.